அயினி நிழலில் விரிந்த இலைகள்

குலசேகரத்துக்கு அருகே, சித்தியின் ஜாதிக்காய்த் தோட்டத்தின் மேற்கு எல்லையில் நின்ற அயினி மரங்களைச் சாலையை அகலப்படுத்த வெட்டினார்கள். வெட்டிய மரங்களுக்கு இழப்பீடு வந்தது. அவற்றின் நிழலில் வளர்ந்து, அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் காய் பிடித்திருந்த ஜாதி மரங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பிற்பகல் வெயில் நேராக இறங்கியதும் அவற்றின் இலைகள் வெளிறித் தீய்ந்தன.

நான் தாவரவியல் படித்தவன். சித்திக்கு அது போதுமானதாக இருந்தது.

"படிச்சதப் போயி அவனுவகிட்ட சொல்லு மக்கா. வெட்டாமலே கொன்னுட்டானுவன்னு சொல்லு."

நான் படித்த கல்லூரியின் நுண்ணோக்கியில் இலையின் குறுக்குவெட்டைப் பார்த்தேன். வெயிலில் விரியும் இலை, கடும் ஒளியை வடிகட்டும் பொருட்களைத் தன் மேல்தோல் செல்களில் சேர்த்துக்கொள்ளும். அதன் கீழே தூண் போன்ற செல்களை அடுக்கடுக்காக நிறுத்தும். இந்த இலையில் ஒற்றை அடுக்குதான் இருந்தது. நிழலை நம்பிக் கட்டப்பட்ட இலை. முழுதாக விரிந்தபின் அதனால் இன்னோர் அடுக்கைக் கட்ட இயலாது. செல்லுக்குள் பச்சையம் தாங்கும் பசுங்கணிகங்கள் ஒளிக்கு விலகிப் பக்கச் சுவரில் ஒண்டிக்கொள்ளும். அன்றாடம் அடிக்கும் வெயிலுக்கு அந்த ஒதுங்கல் போதாது.

படத்தைப் பெரிதாக்கி, ஜாதி மரங்களுக்கும் இழப்பீடு கேட்டு எழுதிய மனுவோடு எடுத்துக்கொண்டு, சித்தியுடன் நிலமெடுப்பு அலுவலகத்துக்குப் போனேன்.

"எலைக்கு ஸ்கேன் எடுத்துட்டா வந்திருக்கிய?" என்று அதிகாரி சிரித்தார். ஆனால் பொறுமையாகக் கேட்டார். இறுதியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "இனி வரப்பட்ட எலையும் கரியுமா தம்பி?"

"புதிய இலைகள் வெயிலுக்கேற்பத் தடித்து வரக்கூடும். ஆனால் இந்தக் காய்ப்பு போய்விடும், நலிந்த மரங்கள் பட்டும் போகலாம்" என்றேன்.

"அப்போ மரம் பொழச்சுக்கிடும். நீங்களே சொல்லுதியல்லா?"

என் பதிலின் பிற்பாதியை அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. மனு அன்றே தள்ளுபடியானது.

படியிறங்கும்போது சித்தி கேட்டார்: "மொதப் பாதிய முழுங்கியிருக்கப்பிடாதா மக்கா?"

பிஞ்சுகள் உதிர்ந்தன. சில மரங்கள் பட்டுப்போயின. மற்றவை, நான் சொன்னபடியே, சிறிய தடித்த இலைகளோடு துளிர்த்தன. மறுபடியும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சித்தியிடம் தெம்பில்லை. துளிர்த்தவற்றையும் பிடுங்கிவிட்டு, அடுத்த மழைக்கு ரப்பர் வைத்தார். அது அந்த வெயிலைத் தாங்குமா என்று என்னிடம் கேட்கவில்லை.