பத்தாம் பக்கத்தில் நான் எழுதாத வரி

போன சனிக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தையில் என் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. போட்டவர் புதிதாக வந்திருக்கும் டிரில் மாஸ்டர். வயது இருபத்திரண்டு இருக்கும். மீசைக்கு மட்டும் முப்பது.

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தேகப்பயிற்சிப் புத்தகம்தான் அவருக்கு வேதமாம். அட, அதற்கும் ஒரு வாசகர்! எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது... ஒரு நிமிஷம்தான்.

"பத்தாம் பக்கமுங்க சார், அப்படியே பண்றேன்" என்று கையிலிருந்த புத்தகத்தால் சுட்டிக் காட்டினார். சந்தை ஓரமாக, பதினைந்து வயது மாணவன் ஒருவன் தோளில் முழுச் சாமை மூட்டையோடு சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். முகம் மிளகாய்ப் பழம். கால்கள் நடுங்கின. ஜில்லா ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சியாம். இடையில் இறக்கவே கூடாதாம்.

எனக்குச் சடையன் ஞாபகம் வந்தது.

அடிவாரப் பள்ளியில் நான் டிரில் மாஸ்டராக இருந்தபோது மலைமேல் பைல் நாட்டிலிருந்து வந்து படித்தவன். ஒரு சந்தை நாளில் அவனோடும் அவன் அப்பாவோடும் மலையிறங்கினேன். பாதை நெடுகச் சுமைதாங்கிக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் அப்பா மகனின் சுமையை இறக்கி வைப்பார்; பிறகு தோள் மாற்றுவார். மகனுக்கு அரை மூட்டைதான். அறுவடைக்கு அறுவடை இரண்டு படி கூட்டுவாராம். வலிக்கிறது என்றால் அன்றைக்குச் சுமையே கிடையாதாம்.

கோட்டும் விசிலுமாக இருந்த நான் சிரித்தேன். சோம்பலுக்குக் கல் நட்டு வைத்திருக்கிறார்களே! இப்படி நின்று நின்று போனால் ஜில்லாப் பந்தயத்தில் கலெக்டர் துரை கையால் கோப்பை வாங்குவது எப்போது? முழு மூட்டையோடு, ஒரு கல்லிலும் இறக்காமல், தினமும் மலையேறச் சொன்னேன்.

"ஏனுங்க வாத்தியாரே, எலும்பு முத்தட்டுமுங்க. மலை எங்கயும் ஓடிப் போயிராதுங்க" என்றார் அவன் அப்பா.

படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்கினேன். நான் படித்தவன் அல்லவா?

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு சடையன் பாதையிலேயே விழுந்தான். இடுப்பில் பிடித்த வலி இன்றுவரை விடவில்லை. அவன் மிளகு மூட்டைக்கு வாய் கட்ட அவன் மனைவிதான் குனிகிறாள். என்னைச் சந்தையில் பார்த்தால், "சௌக்கியமுங்களா சார்?" என்பான். வேறொன்றும் கேட்கமாட்டான்.

அடுத்த வருஷம்தான் புத்தகம் எழுதினேன். பத்தாம் பக்கத்தில் என் முறை இருக்கிறது. 'கண்கூடாகக் கண்ட பலன்' என்று பெருமையும் இருக்கிறது. சடையன் விழுந்தது மட்டும் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்... இல்லை, மறைத்தேன்.

இதையெல்லாம் மாஸ்டரிடம் சொல்லி, மூட்டையை இறக்கச் சொன்னேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பையன் இன்னொரு சுற்று போனான்.

"புஸ்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லீங்களே, சார்?"

எழுதியவன் எதிரில் நிற்கிறேன் — அவர் புத்தகத்தை நம்புகிறார்! அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பத்தாம் பக்க ஓரத்தில், 'இந்த முறையால் சடையன் என்ற மாணவனின் இடுப்பு போயிற்று. காரணம் நான்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

படித்தார். ஓடிப்போய் மூட்டைக்குத் தோள் கொடுத்தார்.

பையன் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "நாளைக்கும் உண்டுங்களா சார்?" என்று கேட்டான்.

"நாளைக்கு லீவு, கண்ணு" என்றார் மாஸ்டர்.

அந்தப் புத்தகம் இன்னும் எத்தனை மாஸ்டர்கள் கையில் இருக்கிறதோ? நான் நேரில் போய்ச் சொன்னால் நம்பமாட்டார்கள் — அதனால்தான் இதை அச்சில் போடுகிறேன்.