கிரகாமின் மனம் ஒப்பும்வரை

1. வக்கியூம்

வேலையில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, வழிபாடு நடந்துகொண்டிருந்த அறைக்கு வெளியே நான் வக்கியூம் போட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆட்கள் இல்லை என்று நினைத்துவிட்டேன். கொறிடோர் முழுக்க இழுத்து, கதவோரத் தூசியையும் விடாமல் எடுத்து, கதவைத் திறந்து மிசினை உள்ளே தள்ளிய பிறகுதான் பார்த்தேன். முப்பது பேரளவில், வட்டமாகப் போட்ட கதிரைகளில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். ஒரு வயதான மனிதர் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு திரும்பவும் மூடிக்கொண்டார்.

அதற்கு முன் பல வருடங்கள் கோழித் தொழிற்சாலையில் நின்றவன் நான். அங்கே கத்தியைத் தவறான பக்கம் வைத்தாலே சுப்பவைசர் கத்துவான். அதனால் பேச்சு வாங்கத் தயாராகக் குசினியில் காத்து நின்றேன். வழிபாடு முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். மார்கரெட் என்ற வயதான அம்மா, "நன்றி, சேவியர். கார்ப்பெற் நல்லா இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி றீற்றாவிடம் சொன்னேன். "வேலை போயிட்டுது எண்டு நினைக்கிறன்."

"ஏசினவையோ?"

"இல்லை."

"அப்ப என்ன?"

"அதுதான் பயமாக் கிடக்கு."

தோள்மூட்டு பழுதாகித் தொழிற்சாலையை விட்ட பிறகு கிடைத்த வேலை இது. மெல்பேர்னில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சபையார் வழிபாட்டுக்குக் கூடும் கூட்ட வீடு ஒன்றுக்குப் பராமரிப்பாளர். கூட்டுவது, பூட்டுவது, தோட்டம், சின்னச் சின்னத் திருத்த வேலை. எனக்குப் பேச்சு வராது. படிப்பும் பள்ளிக்கூடத்தோடு சரி. சத்தமில்லாத இடம் எனக்குத் தோதாக இருக்கும் என்று நினைத்தேன். சத்தமில்லாத இடத்தில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு தலையிடி வரலாம் என்று அப்போது தெரியாது.

2. பொஸ் யார்?

நான் மன்னார்க் கத்தோலிக்கன். பூசை என்றால் எனக்கு மணியும் பாட்டும் சாமியாரும். இவர்களும் கிறிஸ்தவ வழியில் வந்தவர்கள்தான். ஆனால் சாமியார் இல்லை, பாட்டு இல்லை, பீடம் இல்லை. ஒரு மணித்தியாலம் மௌனமாக இருப்பார்கள். யாருக்காவது உள்ளேயிருந்து ஒரு சொல் எழுந்தால் எழும்பிச் சொல்லிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருப்பார்கள். அவ்வளவுதான்.

அது அவர்களின் விருப்பம். என் தலையிடி வேறு. அங்கே இதைச் செய் என்று சொல்ல ஒரு பொஸ் இல்லை.

ரொய்லெற்றுக்கு பெயின்ற் அடிக்கவேண்டி வந்தது. எந்த நிறம் என்று மார்கரெட்டிடம் கேட்டேன். அவர்தான் அங்கே கிளார்க். கிளார்க் என்றால் மாதாந்த அலுவல் கூட்டத்தை நடத்தி முடிவை எழுதுபவர்.

"நான் சொல்லேலாது, சேவியர். மீற்றிங்கில கேப்பம்."

மீற்றிங்கில் கேட்டார்கள். அவர்கள் வோட்டு எடுப்பதில்லை. எத்தனை பேர் ஆம், எத்தனை பேர் இல்லை என்று எண்ணுவதே இல்லை. எல்லோருக்கும் மனம் ஒப்பவேண்டும். ஒப்பினால் கிளார்க் அங்கேயே முடிவை எழுதி வாசிப்பார். அதற்கு மினிற் என்று பெயர். எல்லோரும் அதற்குச் சம்மதம் சொன்னால்தான் அது முடிவு. ஒருவருக்கு ஒப்பவில்லை என்றாலும் அடுத்த மாதம் பார்ப்போம் என்று விட்டுவிடுவார்கள். ஒருவருக்கு வெள்ளை, இன்னொருவருக்கு வேறு ஒரு வெள்ளை. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பெயின்ற் வாளி குளிர்காலம் முழுக்க ஸ்ரோர் அறையில் இருந்தது.

"மிஸிஸ்" என்று கூப்பிடவும் விடமாட்டார்கள். "மார்கரெட் எண்டு சொல்லுங்கோ." என் தாயின் வயதுள்ள ஒருவரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? நான் ஒன்றுமே கூப்பிடாமல், முன்னால் போய் நின்று இருமுவேன்.

ஒருநாள் ரீ குடிக்கும்போது அவரே காரணம் சொன்னார். முன்னூறு வருடங்களுக்கு மேல் முந்தி, இங்கிலாந்தில் இவர்களின் ஆட்கள் பெரியவர்களுக்கு முன் தொப்பி கழற்ற மறுத்தார்களாம். எல்லா மனிதரும் ஒன்று என்றார்களாம். நீதிமன்றத்தில் சத்தியம் செய்யவும் மறுத்தார்களாம். எப்போதும் உண்மைதான் பேசுகிறோம், பிறகு எதற்குத் தனியாக ஒரு சத்தியம் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்காகக் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். கடை வைத்தவர்கள் பேரம் பேசாமல் எல்லோருக்கும் ஒரே விலை சொன்னார்கள். ஏமாற்றமாட்டார்கள் என்று சனம் அந்தக் கடைகளைத் தேடிப் போனது. பிறகு சிறைகளைத் திருத்தவும் யுத்தங்களை எதிர்க்கவும் பசியில் கிடந்த நாடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகவும் இவர்கள் முன்னுக்கு நின்றார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொப்பிக்காகச் சிறைக்குப் போன சனம் பெயின்ற் விசயத்தில் விட்டுக்கொடுக்குமா என்றுதான் நான் யோசித்தேன்.

3. பின்வளவு வீடு

கூட்ட வீட்டின் பின்வளவில் ஒரு சின்ன வீடு இருந்தது. ஒரு படுக்கையறை, குசினி, குளியலறை. பூட்டித்தான் கிடந்தது. ஆள் இல்லாத வீட்டை ஒவ்வொரு கிழமையும் கூட்டித் துடைத்தேன்.

நாங்கள் இருக்கும் வெரிபீயில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சுகந்தி இருந்தாள். புருசன் இல்லை. ஆறு வயது மகள் ஆதிரை. விசா இன்னும் முடிவாகவில்லை. லோன்ட்ரி ஒன்றில் வேலை. ஒரு வீட்டின் கராஜை மறித்துக் கட்டிய அறையில், ஒப்பந்தக் கடதாசி ஒன்றும் இல்லாமல் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரரின் தாய் தகப்பன் ஊரிலிருந்து வரப்போகிறார்கள், பள்ளிக்கூடத் தவணை முடிய வீட்டை விட்டு எழும்பவேண்டும் என்று ஒருநாள் சொல்லிவிட்டார்கள்.

"சேவியர் அண்ணை, வீட்டு ஏஜென்ட் எல்லாரும் விசாவைப் பாத்திட்டு சிரிச்சுக் கதைக்கினம். பிறகு போன் எடுக்கினமில்லை" என்றாள்.

எனக்குப் பின்வளவு வீடு ஞாபகம் வந்தது. மார்கரெட்டுக்கு முன்னால் போய் நின்று இருமினேன்.

அதைச் சுகந்திக்கு வாடகைக்குக் கொடுக்கலாமா என்றேன். அவர் சந்தோசமாகக் கேட்டார். "நல்ல யோசனை, சேவியர். மீற்றிங்கில கேப்பம்."

அந்த மாத மீற்றிங்கில் கட்டடத்தைப் பற்றிச் சொல்வதற்காக நானும் இருந்தேன். ஒவ்வொருவராக நல்ல வார்த்தை சொன்னார்கள். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. கடைசியில் கிரகாம் எழும்பினார். முதல்நாள் என்னைப் பார்த்துச் சிரித்த அந்த வயதான மனிதர் அவர்தான்.

"எனக்கு இதில மனம் ஒப்பேல்லை" என்றார். திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள்.  பிறகு மார்கரெட் மினிற் எழுதி வாசித்தார். இந்த விசயத்தில் தெளிவு வரும்வரை காத்திருக்கிறோம், அடுத்த மாதம் திரும்பப் பார்ப்போம்.

நான் மார்கரெட்டுக்குப் பின்னால் குசினிக்கு ஓடினேன். அன்றைக்கு இருமவில்லை. "எல்லாருக்கும் சம்மதம். ஒரு ஆள்தானே வேண்டாம் எண்டவர்?"

"நாங்கள் எண்ணுறேல்லை, சேவியர்."

"ஏன் ஒப்பேல்லை எண்டு அவரைக் கேட்டனீங்களோ?"

அவர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். "அவரை நெருக்கக்கூடாது. அவருக்கு நேரம் குடுக்கவேணும்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலுக்கு ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் பழைய காலத்தில் குவேக்கர்களே அடிமைகளை வைத்திருந்தார்களாம். அது பாவம் என்று எல்லோருக்கும் மனம் ஒப்பப் பல தலைமுறை எடுத்ததாம். ஆனால் ஒப்பிய பிறகு முழுதாக விட்டார்கள், மற்றச் சபைகளுக்கு முன்னரே விட்டார்கள், பிறகு அடிமை முறையை ஒழிக்கவே முன்னுக்கு நின்று போராடினார்கள். "பொறுமையால வந்தது" என்றார்.

இதை அப்படியே சுகந்திக்குச் சொன்னேன். அவள் ஆதிரையின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இவையின்ர மனம் ஒப்புமட்டும் அந்த அடிமையள் என்ன செய்தவை, அண்ணை?" என்று கேட்டாள்.



4. வேலி வெட்டிய சனிக்கிழமை

மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆட்கள் வந்து தோட்ட வேலை செய்வார்கள். அன்று சுகந்தி என்னோடு ரெயினில் வந்தாள். வீட்டை வெளியிலிருந்தாவது ஒருக்கால் பார்க்கவேண்டும் என்றாள். பார்த்தாள். பிறகு வேலிச் செடியை வெட்டிக்கொண்டிருந்த கிரகாமைக் காட்டி, "ஆர் அது?" என்றாள்.

"அதுதான் அவர்."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் நேரே நடந்தாள்.

வேண்டாம் என்ற ஆள் நீங்கள்தானா என்பதை, "யூ த நோ மேன்?" என்று தன் இங்கிலிசில் கேட்டாள்.

நான் தண்ணீர்க் குழாயைச் சுருட்டத் தொடங்கினேன். அது ஏற்கெனவே சுருட்டித்தான் கிடந்தது.

கிரகாம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவர்களின் வழக்கப்படி மௌனமானார். சுகந்திக்கு அந்த வழக்கம் தெரியாது. "வை? வை நோ? ஐ ஆம் பாட் வுமன்?"

"இல்லை, இல்லை" என்று அந்த மனிதர் பதறிவிட்டார். வாசற்படியில் இருந்தார். என்னைக் கூப்பிட்டு, தான் சொல்வதைச் சரியாகச் சொல்லச் சொன்னார்.

முன்பு ஒருவருக்கு இந்த வீட்டை அன்பாகக் கொடுத்தார்களாம். கடதாசி இல்லை. விரும்பிய காலம் இருங்கள் என்று சொன்னார்களாம். பிறகு மீற்றிங்குக்கு வேறு யோசனை வந்தது. நல்ல வார்த்தை சொல்லியே எழும்பச் சொன்னார்கள். "அவரின்ர பெட்டியைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். எங்களோட சண்டை பிடிக்க அவருக்கு ஒரு உரிமையும் இருக்கேல்லை. எங்கட அன்பு மட்டும்தான் இருந்தது. அதை நம்பி இன்னொரு ஆள் வரக்கூடாது எண்டுதான்..."

நான் சொல்லி முடிக்கவும் சுகந்தி தலையில் கை வைத்தாள்.

"ஐயோ அண்ணை, இதைத்தானே நானும் கேக்கிறன்! கடதாசி இல்லாம இருந்துதானே இப்ப எழும்பப்போறன். எனக்குத் தருமம் வேண்டாம். வாடகை தாறன், கடதாசியில லீஸ் எழுதித் தரச் சொல்லுங்கோ. நினைச்ச நேரம் என்னை ஆரும் எழுப்பேலாத மாதிரி."

இதையும் இங்கிலிசில் சொன்னேன். கிரகாம், என்னிடம் கேட்டுப் பழகிய சொல்லால், "ஓம், லீஸ்" என்றார். தமிழில் அவர் சொன்ன முதல் சொல்லும் அந்த ஓம்தான், கடைசிச் சொல்லும் அதுதான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து மார்கரெட்டிடம் ஓடினேன். "கிரகாமுக்கும் சம்மதம். சாவியைத் தரலாம்தானே?"

"நல்ல சந்தோசம், சேவியர். மீற்றிங்கில கேப்பம்."

மீற்றிங்குக்கு முன்னரே பள்ளிக்கூடத் தவணை முடிந்தது. சுகந்தியும் மகளும் எங்கள் ஹோலில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். காலி வீட்டை நான் வழக்கம்போலக் கூட்டித் துடைத்தேன். சாவி என் இடுப்பில்தான் தொங்கியது.

"திறந்து விடுங்கோவன், ஆர் கேக்கப்போகினம்?" என்றாள் றீற்றா.

ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதுதான் அங்கே பிரச்சினை. ஆனால் லீஸ் இல்லாமல் வரமாட்டேன் என்று சுகந்தியே சொல்லிவிட்டாள்.

5. மினிற்

அடுத்த மீற்றிங்குக்கு அவளையும் கூப்பிட்டார்கள். கிரகாம் எழும்பித் தன் காரணத்தைச் சொன்னார். சிலர் தலையைக் குனிந்தார்கள். முறையான லீஸ், நியாயமான வாடகை என்று மார்கரெட் எழுதி வாசிக்க, எல்லோரும் சம்மதம் என்றார்கள். ரொய்லெற் பெயின்றை விடச் சுலபமாக முடிந்தது.

மார்கரெட் சுகந்தியிடம் ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டார். அவள் தமிழில் என்னிடம் கேட்டாள். "போன மாதமே இவரை ஏனெண்டு ஒருத்தரும் ஏன் கேக்கேல்லை?"

இங்கிலிசில் சொன்னேன். மார்கரெட் மெதுவாக, "அவரை நெருக்க விரும்பேல்லை" என்றார்.

"அப்ப நானும் பிள்ளையும் றோட்டில நிண்டாலும் பரவாயில்லை, அவரை நெருக்கக்கூடாது. அப்பிடியோ?"

வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் கோபத்தை நான் மெதுவாக்கித்தான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒஸ்பிட்டலிலும் அப்படி, தொழிற்சாலையிலும் அப்படி. அன்றைக்கு எழும்பி நின்று, ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். 

 கிரகாம்தான் பேசினார். "மார்கரெட், நீ சேவியருக்குச் சொன்ன அடிமைகளின்ர கதையை அவர் எனக்கும் சொன்னவர். அதில நீ பொறுமையை மட்டும் சொல்லியிருக்கிறாய். எங்கட ஆக்கள் சிலர் வீடு வீடாப் போய், அடிமை வைச்சிருந்த தங்கட சிநேகிதரை முகத்துக்கு நேரே கேட்டவை. அதையும் சொல்லியிருக்கவேணும். நீங்கள் எல்லாரும் என்னைக் கேட்டிருக்கவேணும். நானும் கேளாமலே சொல்லியிருக்கவேணும்."

இப்படியான இடங்களில் வேலைக்கு வரும் இளம் ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அமைதியான ஆட்கள் நல்ல ஆட்களாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஒருவர் வேண்டாம் என்றால், மரியாதை என்று விலகி நிற்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள், அன்றைக்கே கேளுங்கள். நீங்கள் காத்திருக்கும் நேரத்தின் செலவை வேறு யாரோ கட்டுகிறார்கள்.

சுகந்தியின் கேள்வியையும் மினிற்றில் எழுதவேண்டும் என்றார் கிரகாம். எல்லோரும் சரி என்றார்கள். மார்கரெட் எழுதி வாசித்தார். ஒருவர், "றோட்டில்" என்பதை "வீடில்லாமல்" என்று மாற்றலாமா என்றார். இன்னொருவருக்கு அது ஒப்பவில்லை. எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

சுகந்தி என் பக்கம் குனிந்து, "இப்ப என்ன நடக்குது, அண்ணை?" என்றாள்.

"றோட்டில எண்டு எழுதிறதோ, வீடில்லாமல் எண்டு எழுதிறதோ எண்டு காத்திருக்கினம்" என்றேன்.

அவள் கையை உயர்த்தினாள். "றோட்" என்றாள். எழுதுவதுபோல் விரலை அசைத்துக் காட்டினாள். "ரைற் றோட்."

மார்கரெட் எழுதினார்.