வேலியில் ஏறிய இரண்டு கொடிகள்

லின்ஃபீல்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு பலகை வேலி. தொண்ணூறுகளின் நடுவில் பக்கத்து வீட்டுக்கு ஒரு திபெத்தியர் குடிவந்தார். பேக்கரியில் வேலை, தனி ஆள். அந்த வசந்தத்திலேயே வேலியில் இரண்டு கொடிகளை ஏற்றினார். இதய வடிவ இலை, மஞ்சள் பூ. பாகல் இனம்தான், ஆனால் கறிக்கு ஆகாது. அதன் கசப்பு விதையை அவர்கள் நாட்டு வைத்தியத்தில் பித்தத்துக்குக் கொடுப்பார்கள் என்றார். தகப்பனார் வளர்த்த செடியின் விதைகளில் மிஞ்சியிருந்ததையெல்லாம் விதைத்துவிட்டார். முளைத்தவை இவை மட்டும். இந்தக் கோடையில் காய்த்தால்தான் மறுபடி விதை.

ஜனவரியில், அங்கே நடுக்கோடை, ஒரு காலை எங்கள் பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மனைவி கூப்பிட்டாள்.

"இஞ்சை பாருங்கோ. இந்தக் கொடியிலை குலை குலையாப் பூ, ஒரு பிஞ்சுமில்லை. மற்றதின்ரை எருவையும் இது திண்டுகொண்டு நிக்குது."

"அந்தாளைக் கேட்டிட்டு..."

"உதுக்கும் கேக்கோணுமே? பாகலும் புடோலும் வளர்க்காத ஆளே நான்?"

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அதை அடியோடு வெட்டி, வேலி நிழலில் போட்டிருந்தாள். எங்கள் பாகலில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில்தான் வரும். பிஞ்சே காணாத கொடி அவள் கணக்கில் மலடு.

மாலையில் அவர் வேலிக்கு மேலாக எட்டி, வெட்டிக் கிடந்த கொடியைப் பார்த்தார்.

"அது ஆண் கொடி," என்றார் ஆங்கிலத்தில், கோபமில்லாமல். "இது பெண், இப்போதுதான் பூக்கத் தொடங்குகிறது. இந்தச் செடியில் இரண்டும் தனித்தனி."

மனைவி என்னைப் பார்த்தாள். "ஐயோ, புருசனையல்லோ வெட்டிப்போட்டன்!"

அடுத்த நிமிடம் ஒரு வாளித் தண்ணீரில் அந்தக் கொடியை நட்டு நிறுத்தினாள். மொட்டுகள் முழுதும் வாடவில்லை. மறுநாள் காலை சில விரிந்தன. அவற்றின் இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டு எடுத்தாள். ஊரில் பூசணிக்குச் செய்கிற வேலைதான்.

"கிளையை அசைக்காமல் பிடிக்கச் சொல்லுங்கோ," என்றாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தொட்ட பூக்களில் ஒன்றுதான் பிடித்தது. அதன்பின் வேலை முடிந்து வந்தால், சட்டையில் மாவோடு, அவர் முதலில் பார்ப்பது அந்தக் காயைத்தான். ஏப்ரலில் அது பழுத்து மூன்றாகப் பிளந்தது. உள்ளே தட்டையான விதைகள். பாதியை ஒரு கடிதாசியில் மடித்து என் மனைவியிடம் நீட்டினார்.

"பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது," என்றார்.

"பூத்த பிறகும் கத்தியைத் தொடமாட்டன் எண்டு சொல்லுங்கோ," என்று கையால் வெட்டிக் காட்டினாள்.

நான் மொழிபெயர்க்குமுன்பே அவர் சிரித்துவிட்டார்.