எண்ணி அழுத காட்சி

எண்கணித நிபுணர் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லியிருந்தார்: நாயகி தன் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டதால் இந்த ஆண்டின் சிறந்த நடிகை விருது அவருக்கே. 'விருது யாருக்கு?' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அந்த அருள்வாக்கைப் படிக்க வேண்டியவள், ஒலிப்பதிவு அறையில் காகிதத்தை முறைத்துக்கொண்டு நின்றாள். நாயகிக்கு ஓர் எழுத்துக் கூடினால் விருதாம். இவள் பெயரிலோ இத்தனை காலத்தில் திரையில் ஓர் எழுத்துகூட ஓடியதில்லை.

நடிகைகளுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பது அவள் பிழைப்பு. ஸ்டூடியோவில் எல்லாருக்கும் மைக் அக்கா. எத்தனையோ நாயகிகளுக்காகக் காதலித்திருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள், நெஞ்சில் குண்டு வாங்கிச் செத்திருக்கிறாள். செத்த கையோடு காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கும் போயிருக்கிறாள். கடைக்காரர் மட்டும் ஒருமுறை, எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று தலையைச் சொறிந்தார். மற்றபடி ஊரார் கண்ணுக்கு அவள், சளி பிடித்துவிடுமோ என்று வெந்நீர்க் குடுவையோடு அலையும் ஒரு பெண்.

விருதுக்குப் போயிருக்கும் படத்தின் நாயகிக்கு மொழி தெரியாது. வசனம் வாயில் நுழையாதவர்கள் எண்களைச் சொல்லி உதட்டை அசைப்பார்கள். பிறகு குரல் கொடுப்பவள் வந்து அந்த அசைவுக்குள் வசனத்தைத் திணிப்பாள். மகனின் உடல்மீது விழுந்து அழும் காட்சியில் நாயகி, ஒன், டூ, த்ரீ என்று எண்ணித்தான் அழுதார். அதற்குள் ஒரு தாயின் கதறலை அடைக்க மைக் அக்கா பகல் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினாள். ஓரிடத்தில் குரல் உடைந்து மூச்சு அறுந்துபோயிற்று. இயக்குநர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். தியேட்டரில் ஜனம் கண்ணைத் துடைத்தது அங்கேதான்.

சொந்தக் குரலில் பேசியவருக்கே விருது என்பது விழாக்குழுவின் விதி. சொந்தக் குரல்தான் என்று படக்கம்பெனி கூசாமல் சாதித்தது. மானேஜர் போனில் குழைந்தார்: வீட்டில்கூட மூச்சு விடாதீர்கள், அடுத்த படமும் உங்களுக்குத்தான். எதற்கு வம்பு என்றான் கணவன். அவளும் வாயை மூடிக்கொண்டாள். மூடியது போதாதென்று இப்போது அதே வாயைத் திறந்து பொய் சொல்லச் சொல்கிறார்கள். காகிதத்தில் இருந்தது: 'அந்த அழுகையில் உடைந்தது அவருடைய சொந்தக் குரல் மட்டுமல்ல, நம் நெஞ்சமும்தான்.'

"இந்த வரிய எடுத்துடுங்க தம்பி," என்றாள் கண்ணாடிக்கு அப்பால் இருந்த நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம்.

"ஏன் மேடம்? ப்ரோக்ராமே அதுலதான் நிக்குது."

"அது அவங்க குரல் இல்ல."

"யார் குரலா இருந்தா என்ன மேடம், ஜனங்க அழுதாங்கள்ல? நம்ம நிபுணரே சொல்லிட்டாரு, விருது அவங்களுக்குத்தான்னு."

"அவரு எழுத்த எண்ணினாரு. அவங்க எத எண்ணினாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். படிக்கிறீர்களா, வேறு ஆளை வரச் சொல்லட்டுமா என்றான். சினிமா வரும், போகும். மாதாமாதம் அவள் வீட்டு அடுப்பை எரியவைப்பது இந்தச் சேனல்தான். அது தெரிந்துதான் கேட்டான். அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"காட்சிய ஓட விடுங்க," என்றாள் ஒலிப்பதிவாளரிடம்.

திரையில் ஓசையில்லாமல் நாயகி அழுதார். மைக் அக்கா காகிதத்தைக் கீழே போட்டாள். படத்தில் உலகமே கேட்ட அதே குரலில், அதே விம்மலோடு, "ஒன்... டூ... த்ரீ... ஃபோர்..." என்று கதறினாள். ஒவ்வொரு எண்ணும் நாயகியின் உதட்டில் போய் ஒட்டிக்கொண்டது. படத்தில் மூச்சு அறுந்த இடத்தில் "டென்" பாதியில் அறுந்தது.

தயாரிப்பாளன் சொன்னது ஒன்றே ஒன்று: "இத அழிச்சிடுங்க." ஒலிப்பதிவாளர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் குடுவையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வேறு ஒருத்தி வந்து அந்த வரியைப் படித்தாள். சேனலில் இருந்து அதன் பிறகு மைக் அக்காவுக்கு அழைப்பே இல்லை. நாயகிக்கு விருது கிடைத்தது. விழாவை மைக் அக்கா வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அவள் நாத்தனாருக்கு நிபுணர் சொன்னது பலித்ததில் ஏகப் பெருமை. தன் பெயருக்கும் எழுத்துக் கூட்டலாமா என்று யோசித்தாள். நாயகி விருதைக் கட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்து நன்றி சொன்னதும் புருவத்தைச் சுருக்கினாள்.

"என்ன அண்ணி, குரல் ஒரு மாதிரி இருக்கு? பாவம், தொண்டை கட்டிக்கிச்சு போல."

கணவன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மைக் அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள்.

"கட்டல," என்றாள். "இங்கதான் இருக்கு. நல்லா கேட்டுக்க."

மகனை இழந்த தாயின் கதறலை ஒரு சொல் விடாமல் தொடங்கினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவள் நிறுத்தவில்லை.