எடுக்கக் கூடாத அழைப்பு

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மேசைக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். பரிமாறுகிற அண்ணன் ரசத்தோடு வந்தவர் தாமும் குனிந்தார்.

“என்னம்மா விழுந்துச்சு? தோடா?”

“ஒண்ணும் விழலண்ணே. ப்ளக் பாயிண்ட் இருக்கான்னு பாக்குறேன்.”

“கல்லாகிட்ட ஒண்ணு இருக்கு. அங்கயும் மூணு பேரு நிக்கிறாங்க லா.”

என் கைப்பேசியில் சார்ஜ் ஏழு விழுக்காடு. என் வீட்டுக்காரர் அன்று ஜொகூருக்கு கண்டெய்னர் லோரி ஓட்டிப் போயிருந்தார். இடது கையால் ஒவ்வொன்றாக அணைத்தேன். திரை வெளிச்சம், புளூடூத், எதற்கென்றே தெரியாத இன்னும் நான்கு. எரியாத டார்ச்சைக்கூட ஏற்றி அணைத்தேன். பிறகு குழம்புக் கையோடு கல்லாவுக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் செருகிவிட்டு அங்கேயே காவல் நின்றேன். சோறு ஆறிப் போயிற்று. நீங்கள் என்னைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள், சிரியுங்கள், எனக்கே சிரிப்புதான் வந்தது.

அந்தப் பழைய சார்ஜர் சூடேறி பிளாஸ்டிக் வாசம் அடித்தது. எனக்கு உடனே எங்கள் கிள்ளான் துறைமுக அலுவலகத்து பேக்ஸ் மெஷின் ஞாபகம் வந்தது. கண்டெய்னர்களுக்குத் தாள்கள் தயாரித்துத் தரும் சின்னக் கம்பெனி அது. அப்போது நான் புதிதாகக் கல்யாணம் ஆனவள். பேக்ஸ் தாள் சுருண்டு சுருண்டு விழும், வெதுவெதுப்பாக இருக்கும், இதே வாசம் வரும். அந்த மெஷினுக்குப் பக்கத்தில்தான் என் மேசை. மேசை மேல் என் பொத்தான் போன். அதைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வேன். பதற்றம் எனக்குப் பிறவிக் குணம், இப்போது வந்த நோய் இல்லை.

அவருடையதும் பொத்தான் போன்தான். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வந்து சார்ஜில் போட்டால் அடுத்த சனி வரை பேசும். வாரம் ஒரு தரம் மட்டும் வேலை என்பதால் சார்ஜரை எங்கே வைத்தோம் என்று வீடே தேடும். ஒரு தடவை லோரிப் படியிலிருந்து செம்பனை எண்ணெய் சிந்திய தரையில் அது விழுந்தது. சட்டையில் துடைத்துவிட்டு அப்படியே பேசினார். அதில் வரைபடம் கிடையாது, படம் எடுக்காது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லாது. மணி அடிக்கும். அது போதுமானதாக இருந்தது.

மணி என்றேனா, அதைச் சொல்லியாக வேண்டும். பண்டமாரானில் எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பேர் லோரிக்காரர்கள். எல்லா வீட்டிலும் ஒரே சட்டம். ஒரு தடவை அடித்து வெட்டினால் ‘சேர்ந்துட்டேன், பத்திரமா இருக்கேன்’. இரண்டு தடவை அடித்து வெட்டினால் ‘லேட்டாகும், நீ சாப்பிடு’. மூன்று என்றால்தான் எடுத்துப் பேச வேண்டும். முதல் மணியை எடுக்கவே கூடாது. எடுத்தால் பிரீபெய்டு கரையும். இது தெரியாமல் கல்யாணமான முதல் வாரம் நான் எடுத்துவிட்டேன்.

“ஹலோ?”

“ஏன்டி எடுத்த!”

“நீங்கதானே கூப்பிட்டீங்க?”

“யாரு கூப்பிட்டா? மணி அடிச்சேன்! வை, வை!”

பொத்தான் போன் இருந்த பதினைந்து வருஷத்தில் மூன்று மணி இரண்டே தடவைதான் வந்தது. ஒன்று அவருடைய அப்பா தவறியபோது. இன்னொன்று ஈப்போவில் சாவியை லோரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நின்றபோது. மற்ற நாளெல்லாம் ஒரு மணிதான். அது அடித்து நின்றதும் என் நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழும். எழுந்து போய் தேநீர் கலக்குவேன். அடுத்த மணி வரும்வரை அவர் இந்த உலகத்தில் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே வெங்காயம் நறுக்குவேன், பக்கத்து வீட்டு அக்காவோடு வம்பு பேசுவேன். இப்போது நினைத்தால் நம்ப முடியவில்லை.

அவர் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். முதல் கவளத்தோடு கதை ஆரம்பமாகிவிடும். ஒரு நாள் ஜொகூரில் கண்டெய்னரைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு பூனை சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கியதாம். எந்த நாட்டில் ஏறியதோ தெரியவில்லை. யார்டுக்காரர்கள் அதற்கு ‘கஸ்டம்ஸ்’ என்று பேர் வைத்துவிட்டார்களாம். அவர் அந்தப் பூனை போலவே முதுகை வளைத்துக் காட்டுவார். கையில் சோறு காய்ந்துவிடும். “கழுவிட்டு வந்து பேசுங்களேன்” என்பேன். அது சும்மா சொல்வது, அவர் எழுந்து போய்விடக் கூடாதே என்றுதான் இருக்கும் எனக்கு.

பிறகு டிப்போக்களில் எல்லாம் செயலியில் பதிந்தால்தான் கேட் திறக்கும் என்று ஆகிவிட்டது. பொத்தான் போன் வைத்திருந்தவர்கள் வாசலில் அசடு வழிய நின்றார்கள். சரி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கிள்ளானில் ஒரு பாய் கடைக்குப் போனோம்.

“அண்ணே, பேட்டரி முக்கியமா, மத்த வசதி முக்கியமா? உங்க பட்ஜெட்டுக்கு ரெண்டும் சேந்தாப்புல வராது” என்றார் பாய்.

“பேட்டரி” என்றார் இவர்.

நான் குறுக்கே விழுந்தேன். “மேப்பு நல்லா ஓடணும் பாய். வீடியோ கால் தெளிவா வரணும். இவரு எங்க இருக்காருன்னு எனக்கு என் போன்ல தெரியணும்.”

பாய் சிரித்தார். “அதெல்லாம் இதுல இருக்கு அக்கா. ஆனா தினம் ராத்திரி இதுக்கும் சேத்து சோறு போட்டுடணும்.”

இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அவ கேக்குறதையே குடுங்க” என்றார்.

அன்றிலிருந்து என் வாழ்க்கை மேப்பில் அவர் இருக்கிற இடத்தைக் காட்டும் ஒரு நீலப் புள்ளியாக ஆகிவிட்டது. புள்ளி நகர்ந்தால் மூச்சு வரும். நின்றால் உடனே கூப்பிடுவேன்.

“ஏன் நிக்கிறீங்க?”

“சிவப்பு விளக்குடி.”

“இவ்வளவு நேரமா?”

“விளக்குகிட்ட குடுக்கவா, நீயே கேளு.”

வீட்டிலிருந்து கிளம்பும்போது நூறு இருக்கும். மத்தியானத்துக்குள் முப்பதுக்கு வந்துவிடும். லோரியில் செருகிக்கொள்வார். அதனால் எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

அப்புறம்தான் அந்த வெள்ளம் வந்தது. இரண்டு நாளாக விடாத மழை. விடியற்காலையிலேயே ஷா ஆலம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு எடுத்துப் போயிருந்தார். எங்கள் தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் போனில் வந்து விழுந்த படங்களில் வீடுகளே முங்கிக் கிடந்தன. வீடியோ காலில் கூப்பிட்டேன்.

“தண்ணியக் காட்டுங்க.”

காட்டினார். செம்மண் தண்ணீர், முன்னால் ஒரு காரின் கூரை மட்டும்.

“அவ்வளவு ஏறிடுச்சா? ஐயோ, கீழ காட்டுங்க, டயரைக் காட்டுங்க!”

“சார்ஜ் போவுதுடி. லோரி ஆப் ஆயிடுச்சு, சார்ஜரும் வேலை செய்யல. வை.”

வைத்தேன். பத்து நிமிஷம் பொறுத்தேன். திரும்பக் கூப்பிட்டேன். இப்படி ஐந்தாறு தடவை. அந்தப் பக்கம் புள்ளியும் ஓயாமல் தன் இடத்தை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான்தான் அதை அணைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் என் போன் அடித்தது. அவர்தான். பாய்ந்து எடுப்பதற்குள் நின்றுவிட்டது. ஒரே ஒரு மணி.

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும், சொல்லுங்கள்? பதினைந்து வருஷம் அந்த ஒரு மணியில் உயிர் வாழ்ந்தவள் நான். ஆனால் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கூப்பிடும்போதே தண்ணீரில் விழுந்துவிட்டார். கை நழுவிவிட்டது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். வீடியோவில் அடித்தேன். “ஏங்க, எடுங்க, எடுங்க” என்று கூடத்தில் நின்று கத்தினேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் ஒரு பெண் குரல் மலாயில் வந்து, இந்த எண்ணைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று மரியாதையாகச் சொன்னது.

நீலப் புள்ளி மட்டும் அசையாமல் நின்றது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்திலேயே ஆறு. இன்னும் பெரிதாக்கினால் புள்ளி ஆற்றுக்குள்ளேயே இருப்பதுபோல் இருந்தது. அவரோடு வேலை செய்கிற ராஜு அண்ணன், “அங்க லைனே இல்லம்மா, பயப்படாத லா” என்றார். போலீஸ் நிலையத்துக்கு ஓடிப் போய்ப் புள்ளியைக் காட்டினேன். அந்த மலாய் அதிகாரி பொறுமையான மனிதர். இது உங்கள் கணவர் இருக்கிற இடம் இல்லை அக்கா, போன் கடைசியாக இருந்த இடம் என்று விளக்கினார். கடைசி என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை. அன்று இரவு நான் எப்படி இருந்தேன் என்று எழுத எனக்குத் தெம்பு இல்லை. தாலியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் கேட் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் அவர் நின்றார். நான் ஓடிப்போய் முதலில் அடித்தேன். தோளில், நெஞ்சில், கை வலிக்கும்வரை. அப்புறம்தான் கட்டிக்கொண்டு அழுதேன்.

“எதுக்குடி இப்படி அழுவுற? அதான் மணி அடிச்சேனே.”

“என்ன மணி?”

“மேம்பாலத்துல ஏறி நின்னதும் முத வேலையா ஒரு மணி அடிச்சு வெட்டினேனே. மூணு பெர்சென்ட்தான் இருந்துச்சு. பேசினா போயிடும், மணி அடிச்சா உனக்குப் புரியும்னு நெனச்சேன். மிச்சத்த ராத்திரிக்கு வைக்கலாம்னு பாத்தா, நீ அடிச்ச, அடிச்ச, அடிச்சே கொன்னுட்ட.”

என் கவலைதான் அவருடைய போனைக் குடித்துத் தீர்த்திருக்கிறது. பத்திரம் என்று அவர் சொல்லி அனுப்பிய செய்தி என் கையிலேயே இருந்திருக்கிறது, நான் அதை வைத்துக்கொண்டே ஒரு நாள் முழுக்கச் செத்திருக்கிறேன்.

“வேற யாருகிட்டயாவது போன் வாங்கிக் கூப்பிட்டிருக்கலாமே?”

“தங்க வச்ச பள்ளிக்கூடத்துல ஒருத்தர் குடுத்தாரு. கையில வாங்கிட்டேன். மொத மூணு நம்பர்தான் வந்துச்சு, அதுக்கு மேல வரல. உன் நம்பர் எனக்குத் தெரியலம்மா.” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. நான் கோபப்படவில்லை. அவருடைய நம்பர் எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

குளித்துவிட்டு வந்தார். அவசரத்துக்கு ஒரு முட்டைக் குழம்புதான் வைத்தேன். முதல் கவளத்தோடு ஆரம்பித்தார். மேம்பாலத்தில் ஒரு சீன அங்கிள், வீட்டில் எதையும் எடுக்காமல், ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் தாம் ஆசையாக வளர்க்கிற கெலிசா மீனை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றாராம். “ஊரே தண்ணியில மிதக்குது, இவரு மீனைக் காப்பாத்துறாரு!” ராத்திரி குளிரில் நடுங்கியவர்களுக்கு ஒரு மலாய் அம்மா தன் கல்யாணப் புடவை மாதிரியான பெரிய துணியைக் கிழித்துக் கிழித்துப் போர்த்தினாராம். லோரியை விட்டு இறங்கும்போது தண்ணீர் நெஞ்சு வரை இருந்ததாம். அப்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். “செருப்பு போச்சேன்னு” என்றார். நான் சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். மூன்று மணி நேரம் பேசியிருப்பார். எனக்கு எதுவுமே தெரியாது, எல்லாமே புதிது. அவர் கையில் சோறு காய்ந்து உதிர்ந்தது. இருவருமே எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரமே பாய் கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய பேட்டரி உள்ள போனை வாங்கினேன். இரண்டு நாள் தாங்கும், எல்லா வசதியும் உண்டு, தண்ணீரும் போகாதாம். ஒரு பவர் பேங்கும் வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் இன்றுவரை அவருடைய போன் ஒரு தடவைகூட அணைந்ததில்லை. அவர் எந்தக் கடையில் தே தாரே குடிக்கிறார், எந்த டோலில் எத்தனை நிமிஷம் நிற்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். வழியில் மழை என்றால் மழையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுகிறேன். விபத்து என்றால் அதையும் காட்டுகிறார்.

கல்லாவில் நான் காவல் நின்ற அன்றைக்கும் ஜொகூரிலிருந்து அவர் பத்திரமாக வந்து சேர்ந்தார். குளித்தார், உட்கார்ந்தார். மீன் வறுவலை எடுத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, “அப்புறம், இன்னிக்கு என்னங்க?” என்றேன்.

அவர் கவளத்தை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

“நீதான் பாத்தியே” என்றார்.