காலியண்ணன் மகளை விடுதியில் சேர்த்த கதை

வீடு மாற்றித் தரும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளராக இருப்பவர் அவர். கூட வேலை செய்கிறவர்களுக்குக் காலியண்ணன். ஒரு வீட்டின் கடைசிப் பெட்டியும் வண்டியேறியதும் அவர் மட்டும் திரும்ப உள்ளே போவார். அறை அறையாகச் சுற்றி, அலமாரிகளைத் திறந்து மூடி, கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, வாசலுக்கு வந்து "காலி!" என்று ஒரு குரல் கொடுப்பார். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு குண்டூசி கிடந்தால், அது வீட்டுக்காரரே வேண்டுமென்று கொண்டுவந்து போட்டதாகத்தான் இருக்கும். சுவரில் ஆணியை விட்டுவைப்பதுகூட அவருக்குப் பொறுக்காது. பிடுங்கிவிட்டு, ஓட்டையில் வெள்ளைப் பற்பசையை அப்பிக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. அங்கே ஒரு குடும்பம் படம் மாட்டி வாழ்ந்தது என்று சத்தியம் செய்தாலும் எவனும் நம்பமாட்டான்.

இவ்வளவு சுத்தமாக அள்ளுகிற மனிதர், வாடிக்கையாளர்களிடம் சொல்வதெல்லாம் எதையும் அள்ளாதீர்கள் என்றுதான். "எதுக்கும்மா இதெல்லாம்? போற எடத்துல வாங்கிக்கலாம். சாமான்னா சாமான்தான். அதுல என்ன பாசம் வேண்டிக்கெடக்கு?" ஓடாத தையல் மெஷினைக் கட்டிக்கொண்டு கண்கலங்குகிறவர்களைப் பார்த்து அவருக்கு மனசு இளகியதே இல்லை.

அவருடைய ஒரே மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது.

விடுதிக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்பதில், விடுதியில் ஒருநாளும் தங்கியிராத எல்லோரும் நிபுணர்களாக இருந்தார்கள். மாடிவீட்டுக்காரர் டார்ச் லைட் என்றார். எதிர்வீட்டம்மா இஸ்திரிப்பெட்டி என்றார். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்காரும் காலியண்ணன் மனைவி, ஒரு பள்ளிக்கூடத்துக்கே போதுமான பல்துலக்கிகளைக் கொண்டுவந்து குவித்தார். மகள் எல்லாருக்கும் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு, ஒரு பெட்டியையும் ஒரு பையையும் தானே கட்டி மூடினாள். அவள் கவலை வேறு.

அந்தக் கவலை ஹாலில், மீன்தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. மனைவியின் தம்பி. வேலை கிடைக்கும்வரை தற்காலிகமாகத் தங்க வந்தவன். வேலை வரவில்லை, மீன்கள்தான் பெருகின.

"அக்கா, அவ ரூம்ல வெளிச்சம் சூப்பரா வருது. மீனுக்கு வெளிச்சம் ரொம்ப முக்கியம்."

"மாமா, நான் இன்னும் கெளம்பவே இல்ல," என்றாள் மகள்.

"கெளம்புன்னு யாரும்மா சொன்னது? சும்மா ஒரு பேச்சுக்கு."

அன்றைக்கே அவள் அப்பாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். "அப்பா, லீவுக்கு வந்தா என் ரூம் என் ரூமாவே இருக்கும்ல?"

"பின்னே? எவன் கை வெக்கிறான்னு பாக்கறேன்," என்றார் காலியண்ணன்.

கிளம்பும் நாளில் அம்மாவும் மகளும் முதல் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். சாமானைக் கம்பெனி வேனில் கொண்டுவருவது அப்பாவின் பொறுப்பு. "கட்டில் மேல பெட்டியும் பையும் இருக்கு. அதை மட்டும் எடுத்துட்டு வாங்க" என்று மகள் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவரும் அதை மட்டும்தான் எடுத்தார். வேனின் உள்கோடியில் வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தத் திரும்பி வந்தார். மேசைவிளக்கு கண்ணில் பட்டது. விளக்கில்லாமல் பிள்ளை எதில் படிக்கும்? எடுத்தார். விளக்கு இருந்து மேசை ஆடினால்? மேசையையும் எடுத்தார்.

தனக்குக் கவலையாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் டேப் ஒட்டுவது.

"அண்ணே, ஜன்னல் திரையுமா?" என்றான் டிரைவர்.

"அங்க ஜன்னல் இருக்கும்ல?"

"கட்டிலு? ஹாஸ்டல்ல கட்டில் இருக்குமேண்ணே."

"என்ன கட்டிலோ, எவன் படுத்த கட்டிலோ. திருப்புளி எடுடா."

கடைசியில் அவர் ஆணிகளைப் பிடுங்கி, பற்பசை வைத்துத் தேய்த்து, கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, வாசலுக்கு வந்து "காலி!" என்றார்.

"யாருக்குண்ணே சொல்றீங்க?" என்றான் டிரைவர், சுற்றுமுற்றும் பார்த்து. மச்சினன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு விடிய இன்னும் நேரமிருந்தது.

விடுதி வார்டன் கண்டிப்பான அம்மாள். அலமாரிக்குச் சொந்தப் பூட்டு வேண்டும், அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அறைச்சாவி கொடுப்பேன் என்றார். விடுதியில் பொருள் காணாமல் போனால் யாரும் தன்னைக் கேட்கக்கூடாது என்பதே அவருடைய நிர்வாகத்தின் முதலும் முடிவுமான கொள்கை. மகளிடம் பூட்டு இருந்தது. பெட்டிக்குள் இருந்தது. பெட்டி வேனில் இருந்தது. வேன் கதவைத் திறந்தார்கள்.

முதலில் வேண்டியது கடைசியாக ஏற வேண்டும் என்பது காலியண்ணன் தொழிலின் பாலபாடம். புதுப் பையன்களுக்கு அதைத் தலையில் குட்டிச் சொல்லித் தருபவர் அவர். இன்றைக்கு மட்டும் முதலில் வேண்டியது முதலில் ஏறி, உள்கோடியில், ஒரு முழு அறைக்கு அந்தப்பக்கம் கிடந்தது. அதை எடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். இறக்கினார்கள். மேசை, நாற்காலி, கழற்றிய கட்டில், மெத்தை, திரை, கண்ணாடி, மூன்றாம் வகுப்பில் அவள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை, காற்றுப்போன பந்து. விடுதி முற்றம் ஏலக்கடை மாதிரி ஆகிவிட்டது. புதுப் பெண்கள் ஜன்னல் ஜன்னலாக நின்று பார்த்தார்கள்.

"இது ஹாஸ்டலா, குடித்தனமா?" என்றார் வார்டன்.

அறைத்தோழியாகப் போகிறவள் தன் ஒரே பையோடு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து படம் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்துப் பணிவாகக் கேட்டாள்: "உங்கப்பா அம்மாவும் இங்கயே தங்கறாங்களா?"

மகள் சிரிக்கவில்லை. கட்டில் சட்டத்தையே பார்த்தாள்.

"அப்ப அங்க என்னப்பா மிச்சம் இருக்கு?"

"ஒண்ணும் மிச்சமில்லம்மா," என்றார் தொழில் பெருமையோடு. "ஒரு ஆணி கூட இல்ல."

"லீவுக்கு வந்தா நான் எங்க படுக்கறது? மீனோடயா?"

உடைந்த கண்ணாடிக்கு, தொலைந்த சாவிக்கு, கீறல் விழுந்த பீரோவுக்கு எல்லாம் காலியண்ணனிடம் பதில் உண்டு. இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் காலிசெய்த வீட்டுக்கு எவருமே திரும்பி வந்ததில்லை.

"இவர்கிட்ட விட்டுட்டு வந்தது என் தப்பு," என்றார் மனைவி. "ஏத்துங்க எல்லாத்தையும். எது எங்க இருந்துதோ அது அங்க போகணும், இன்னைக்கே."

பூட்டு கிடைத்தது. சாவியும் வந்தது. எல்லாம் மறுபடி ஏறும்போது அறைத்தோழி எழுந்து வந்தாள். "அங்கிள், அந்த விளக்க மட்டும் விட்டுட்டுப் போங்களேன். ரூம்ல ஒரே ஒரு பல்புதான், அதுவும் அழுது வடியுது." காலியண்ணன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்த நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

அவர்கள் வீடு திரும்பியபோது சாயங்காலம். மச்சினன் காலி அறையின் நடுவில் அளவுநாடாவோடு நின்றிருந்தான். பெரிய தொட்டி ஏற்கெனவே ஜன்னலடிக்குக் குடிவந்து, மீன்கள் வெளிச்சத்தை அனுபவித்துக்கொண்டிருந்தன.

"அத்தான்! நான் வாய்விட்டுக் கேக்கக்கூட இல்ல. நீங்களே மனசறிஞ்சு செஞ்சுட்டீங்களே!" என்று தழுதழுத்தான்.

"தூக்குடா தொட்டிய," என்றார் அக்கா.

தொட்டி போனது. கட்டில் வந்தது. அங்கேதான் சிக்கல். ஒரு சாமானை எந்த வீட்டில் எங்கே வைக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய அவருக்கு, இந்த அறையில் எது எங்கே இருந்தது என்று சத்தியமாகத் தெரியவில்லை. பதினேழு வருஷம் எட்டிப் பார்த்த அறை. சுவரைக் கேட்கலாம் என்றால், அது பற்பசையோடு வாயை மூடிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் மகளுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்துக் கட்டிலின் மேல் போட்டார்.

"கண்ணாடி எங்கம்மா?"

"கதவுக்கு எடதுபக்கம்ப்பா. கொஞ்சம் சாய்வா."

"சாய்வாவா? நேராவே மாட்டிடறேன்."

"நேரா மாட்டினா வேற யாரோ ரூம்னு நெனச்சு நான் திரும்பிப் போயிடுவேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு கண்ணாடியைக் கோணலாக மாட்டினார். அது எளிதாக இல்லை; இரண்டு தடவை கை தானாகவே நேராக்கிவிட்டது. கோப்பை அலமாரி மேல் போனது. காற்றுப்போன பந்து கட்டிலுக்கு அடியில், அவள் சொன்ன மூலையில்.

மச்சினன் வாசற்படியில் தலையை நீட்டினான். "அத்தான், அந்த மூலை மட்டும் சும்மாதானே கெடக்கு? சின்னத் தொட்டிதான். அவ வர்ற வரைக்கும்."

காலியண்ணன் அறையை ஒரு சுற்று சுற்றினார். அலமாரியைத் திறந்து மூடினார். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மச்சினனை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருவில் வேனைத் திருப்பிக்கொண்டிருந்த டிரைவர் பிரேக்கை மிதிக்கும்படி ஒரு குரல் கொடுத்தார்.

"காலி இல்ல!"

கட்டிலின் மேல் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "யாருடி அது, இந்தக் கத்து கத்தறது?" என்றது அறைத்தோழியின் குரல்.

"எங்கப்பா," என்றாள் மகள். "வேலையில இருக்காரு."