செவலை யாரைப் பார்த்துக் கனைக்கும்

என் தம்பிக்கு அளவுகோல் என்று பேர் வைத்தது நான்தான். சின்ன வயதில் அவனுடைய பால் தம்ளரை அண்ணனுடைய தம்ளருக்குப் பக்கத்தில் வைத்து, தரையோடு தரையாகப் படுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்ப்பான். மயிரிழை குறைந்திருந்தாலும் வீடு இரண்டுபடும். என் தம்ளரை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதில் பால் இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவனுக்குப் போட்டி அண்ணன் ஒருவன்தான். நடுவில் பிறந்தவள் கணக்கிலேயே சேர்த்தி இல்லை.

அப்பா போன பிறகு நிலத்தைப் பிரித்தார்கள். வேலிக்கம்பு நட்ட ஆளுக்குப் பின்னாலேயே அளவுகோல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "நூல் பிடிச்ச மாதிரி இருக்குப்பா, போய்ப் படு" என்று அந்த ஆள் கும்பிட்ட பிறகுதான் விட்டான். வீடும் அதற்குப் பின்னால் இருந்த லாயமும் எனக்கு வந்தன. செவலையை மட்டும் பிரிக்க முடியவில்லை. குதிரையை எப்படி இரண்டாக வெட்டுவது? இருவருடைய காய்கறியையும் சந்தைக்கு இழுப்பது அவள்தான். ஆகவே என் லாயத்தில் நிற்பாள், காலைப் பராமரிப்பு தம்பிக்கு, மாலைப் பராமரிப்பு அண்ணனுக்கு என்று பேசி முடித்தோம். தானியம் காலையில் ஒரு டப்பா, அதோடு சரி. மாலையில் காய்ந்த புல் மட்டும்.

பொல்லாதவன்தான், ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் வந்து நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்புக்குள் அடைந்த மண்ணையும் கல்லையும் கொக்கியால் சுரண்டி எடுப்பான். "காலு" என்று சொன்னால் போதும், செவலை தானாகவே தூக்கி அவன் கையில் வைப்பாள். பிறகு பிரஷ். பிறகு கண்ணையும் மூக்கையும் ஈரத்துணியால் துடைப்பது. லத்தியைக் குச்சியால் கிளறி, இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா என்று பார்ப்பது. தண்ணீர்த் தொட்டியைத் தினமும் தேய்ப்பது. எனக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்து படுத்திருந்தேன். எட்டிப் பார்த்து, "அக்கா, செவலைக்குத் தண்ணி வெச்சியா?" என்று கேட்டான். எரியுமா எரியாதா?

எனக்கு எரிந்தது செவலையைப் பார்த்து. அவனுக்கு எரிந்தது அண்ணனைப் பார்த்து. காரணம், கனைப்பு.

காலையில் இவன் வந்தால் செவலை காதை லேசாக அசைப்பாள், அவ்வளவுதான். மாலையில் அண்ணன் வந்தால் ஊரே கேட்கும்படி கனைப்பாள். அந்த நேரத்தில் நான் ரொட்டிக்கடையில் கல்லாவில் இருப்பேன். தம்பி பெண்டாட்டி சொல்லித்தான் தெரியும். கனைப்புச் சத்தம் வயல் தாண்டிக் கேட்டதும் வாய்க்குப் போன சோறு பாதியிலேயே நிற்குமாம். "கேட்டியா? என்னமோ கட்டின புருஷனைக் கண்ட மாதிரி!" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவானாம்.

அண்ணனைப் பற்றி ஊரில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். சின்ன வயதிலிருந்தே பெரிய துண்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுச் சிரிப்பவன். அதுவும் அளவுகோலுக்குப் பொறுக்காது. "பாரு, விட்டுக்கொடுத்தே நல்ல பேர் வாங்கிட்டுப் போறான்" என்பான். அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்து கிடையாது.

கொஞ்ச நாளில் அளவுகோலின் சட்டைப்பை புடைத்தது. கேரட். பிறகு சர்க்கரைக் கட்டி. டப்பாவில் தானியம் தலைதட்டாமல் கோபுரமாக ஏறியது. நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "என்னடா, மாப்பிள்ளை விருந்தா?" என்று கேட்டேன். "உன் வேலையைப் பாருக்கா" என்றான். சரி, நான் யார், லாயத்துக்குச் சொந்தக்காரி மட்டும்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

செவலை பெருத்தாள். வண்டி வாரின் கடைசி ஓட்டையும் எட்டவில்லை. கழுத்தின் மேல்விளிம்பு தடித்துக் கட்டையாகிவிட்டது. அண்ணன், "நல்ல போஷாக்கா இருக்கா" என்றான். தம்பி, "காலையில பாத்துக்கறது அப்படி" என்றான். ரெண்டு பேருக்கும் கண் இருந்ததே தவிர பார்வை இல்லை.

ஒரு காலை அளவுகோல் "காலு" என்றான். செவலை தூக்கவில்லை. முன்னங்காலை நீட்டி, உடம்புப் பாரத்தையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, சுடுமணலில் நிற்கிறவள்போல நின்றாள். அவன் குளம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். "அக்கா, கொதிக்குதுக்கா!" என்று அலறினான். அந்தக் குரலை அவனிடம் நான் அதுவரை கேட்டதில்லை.

டாக்டரம்மா வந்தாள். குளம்புக்கு மேலே விரல் வைத்து நாடி பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"குளம்புக்குள்ள வீக்கம். இது அப்படியே போனா உள்ள இருக்கிற எலும்பு கீழ இறங்கிடும். இறங்கிட்டா நிக்கவே முடியாது. அப்புறம் நான் வேற ஊசிதான் போடணும்."

வேற ஊசி என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் அண்ணனும் ஓடி வந்திருந்தான்.

"என்ன சாப்பிடறா? உள்ளதைச் சொல்லுங்க. தீனியால வந்ததா, இல்ல உடம்புக்குள்ள வேற நோயான்னு தெரியாம நான் மருந்து கொடுக்க முடியாது."

"ஒரு டப்பா தானியம். அவ்வளவுதான்" என்றான் தம்பி, தரையைப் பார்த்து.

"வெறும் புல்லு" என்றான் அண்ணன்.

"அப்போ வேற நோய்தான்" என்று டாக்டரம்மா பையைத் திறந்தாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது. "டேய் அளவுகோல்! குதிரை சாகப் போகுது, உனக்கு மானம் பெருசா? சொல்லித் தொலைடா!" என்று கத்தினேன்.

அவன் சொன்னான். அண்ணன் எதிரில் நின்று சொன்னான். கேரட், சர்க்கரைக் கட்டி, கோபுரம் கட்டின டப்பா. எதற்கு என்றும் சொன்னான். "உன்னைப் பாத்தா கனைக்கிறா. என்னைப் பாத்தா கனைக்கல. அதான்." அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குள் அவன் முகம் கறுத்துச் சிறுத்துவிட்டது. ஆயுசு முழுக்க அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்லாதது அது.

டாக்டரம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். "இது போதாதே. இதுக்கு இவ்வளவு ஆகாது."

அண்ணன் மேல்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். திரும்பவும் துடைத்தான்.

"பார்லி" என்றான். "சாயங்காலம்."

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நான் வாயைப் பிளந்தேன். அதனால்தான் அந்தக் கனைப்பு! வாளியைப் பார்த்துக் கனைத்திருக்கிறாள் கழுதை!

"உனக்கு எதுக்குண்ணா?" என்றான் தம்பி.

"இவ உன்கிட்டதான் காலைக் கொடுக்கிறா. நான் கெஞ்சினாலும் கொடுக்க மாட்டேங்கிறா." அண்ணன் துண்டைக் கையில் முறுக்கினான். "இன்னைக்கு நேத்து இல்லடா. நீ பொறந்ததிலேருந்தே எனக்கு இருக்கு. அம்மா மடி உனக்குப் போச்சு. சிரிச்சுக்கிட்டே கொடுத்துட்டா வலிக்காதுன்னு பாத்தேன். வலிச்சுது."

அளவுகோல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிப்பிடித்து அழப்போகிறான் என்று நினைத்தேன்.

"எவ்வளவு போட்ட?" என்றான்.

"ரெண்டு டப்பா."

"நான் ஒண்ணரைதாண்ணா போட்டேன்! அப்ப நீதான் ஜாஸ்தி!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் செவலையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊசி போட்டாள். தானியம் கூடாது, பச்சைப் புல் கூடாது, காய்ந்த புல்லை நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட வேண்டும், குளம்புக்கு ஐஸ் தண்ணீர், காலுக்கடியில் மெத்து மெத்தென்று மரத்தூள். "முக்கியமா, இனிமே ஒரே ஒரு கைதான் தீனி போடணும். யார் கை?"

தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தம்பியைப் பார்த்தான். அவன் போடக் கூடாது என்பது இரண்டு முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. அப்புறம்தான், வேறு வழியில்லாமல், இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ரொட்டிக்கடையில் மாலை வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டு, ஐஸ் சுமந்தேன், மரத்தூள் கொட்டினேன், புல்லை ஊறவைத்தேன். செவலை ஆரம்பத்தில் என் வாளியை மோந்துவிட்டு, பார்லி எங்கே என்பதுபோல என் தோளை முட்டினாள். "கொள்ளுன்னா வாயைத் திறப்ப, கடிவாளம்னா மூடிக்குவியா? தின்னுடி!" என்றேன். தின்றாள். வேறு என்ன செய்வாள்? தம்பிக்காரனும் அண்ணன்காரனும் வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவனாக நின்று பார்ப்பார்கள். பேச்சு மட்டும் இப்போது கூடியிருந்தது. பெரும்பாலும் யாருடைய பார்லியால் வந்தது என்ற பேச்சு.

எலும்பு இறங்கவில்லை. குளம்பின் சூடு தணிந்து, முன்னங்காலை நேராக ஊன்றி, கல்லைத் தவிர்த்து நடக்கவும் தொடங்கினாள். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, பிழைத்துவிட்டாள் என்று சொன்ன அன்று, நான் ஊறின புல்லைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குள் நுழைந்தேன். செவலை தலையைத் தூக்கி, ஊரே கேட்கும்படி கனைத்தாள்.

வேலியின் இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. இருவரும் லாயத்துக்குள் வேகமாக வந்தார்கள்.

"அக்கா, அவளுக்கு என்ன போடுற?"

"ஊறின புல்லுடா. கண்ணு தெரியல?"

"வேற ஒண்ணும் இல்லையே?" என்றான் அண்ணன். "எங்க, கையைக் காட்டு."

தம்பி என் வலது கையைப் பிடித்து மோந்து பார்த்தான். அவன் மோந்தது போதாது என்று அண்ணன் வாங்கி மோந்து பார்த்தான். இரண்டு பேர் முகத்திலும் அப்பட்டமான பொறாமை. என்னைப் பார்த்து! எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வேண்டுமளவு மோந்து பார்க்கட்டும் என்று இடது கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.